தன் வழக்குக்குத் தானே சாட்சியா?



சென்ற பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு வீடு மந்திரிக்க வந்தபோது நம் பங்கின் ஒரு வீட்டில் நடந்த காரியத்தை இன்று உங்களுக்குச் சொல்ல வேண்டியவனாயிருக்கிறேன். அந்த வீட்டுத் தாயாரின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அவர்கள்பேரில் குற்றம் ஒன்றுமில்லை. குற்றம் என்னுடையது.

தீர்த்தம் தெளித்து, ஜெபம் முடித்து, திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பட்டணத்தில் கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய மூத்த பையன் வந்து பக்கத்தில் நின்றான். சிறு பிராயத்தில் எனக்குப் பூசை உதவி செய்தவன்தான். மரியாதையாகவே கேட்டான்: “சாமி, வேதாகமம் சர்வேசுரனுடைய வாக்கு என்று நமக்கு எப்படித் தெரியும்?”

நான் யோசிக்கவே இல்லை. “வேதாகமமே அப்படிச் சொல்லுகிறதே, தம்பி. அர்ச். சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபம், மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பார்” என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்று, “நான் ஒரு தாளில் எதையோ எழுதி, அடியில் ‘இதெல்லாம் மெய்’ என்றும் எழுதிக் கொடுத்தால் நீங்கள் நம்புவீர்களா, சாமி?” என்றான். உள்ளேயிருந்து அவன் தகப்பனார், “டேய், சாமிகிட்ட பேசுகிற பேச்சா இது?” என்று அதட்டினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். நான் என்ன செய்தேன்? நல்ல வேளை தப்பினோம் என்று மீதிக் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

போன மாதம் அந்தத் தாயார் பூசைக்குப் பின் வந்து கண்ணீரோடு நின்றார். “சாமி, விடுமுறைக்கு வந்தாலும் அவன் கோயிலுக்கு வருவதில்லை. கேட்டால், கேள்வி கேட்கக் கூடாத இடத்தில் எனக்கு என்ன வேலை என்கிறான்” என்றார். அன்று முதல் இந்தக் காரியம் என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அன்று திண்ணையில் சொல்லாத மறுமொழியை இன்று சொல்லுகிறேன். அவன் ஒருவனுக்கு மாத்திரம் இல்லை. உங்கள் பிள்ளைகளும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள், அல்லது கேட்க அஞ்சி மனதுக்குள் வைத்திருப்பார்கள்.

முதலாவது, பையன் சொன்னது சரி. நான் சொன்ன நியாயம் நியாயமே இல்லை.

உங்களில் பலருக்கு வீடும் நிலமும் உண்டு. ஆகையால் பத்திரத்தைக்கொண்டே பேசுவோம். பெரியவர் ஒருவர் இறந்துபோகிறார். காரியங்கள் முடிந்தபின் இளைய மகன் பெட்டியிலிருந்து ஓர் உயிலை எடுத்து வருகிறான். வீடும் தோட்டமும் தனக்கே என்று அதில் கண்டிருக்கிறது என்கிறான். மூத்தவன், “இது அப்பா எழுதினதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்கிறான். இளையவன் கடைசி வரியைக் காட்டி, “சுயபுத்தியோடு எழுதின மெய்யான உயில் என்று இதிலேயே எழுதியிருக்கிறதே!” என்கிறான். இதை எந்த நீதிபதி ஒத்துக்கொள்வார்? கள்ள உயிலிலும் அந்த வரி இருக்குமே! இதனால்தான் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகளுடைய கையெழுத்து வேண்டும் என்று வைத்திருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். சாட்சி கேட்பதினால் அந்த உயில் பொய் என்று ஆகிவிடாது. அது சுத்த மெய்யாகவே இருக்கலாம். ஆனால் மெய்யான உயிலும் தன்னைத்தானே நிரூபிக்கமாட்டாது. மற்றவர் வந்து சொல்ல வேண்டும். ஒரு காரியம் மெய்யாயிருப்பது வேறு, அது மெய் என்று நாம் அறிந்துகொள்ளும் வழி வேறு. என் தப்பிதம் இந்த இரண்டையும் ஒன்றாக்கினதுதான்.

இந்தக் கேள்வி நமது நாட்டுக்கும் புதிதன்று. வேதங்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று நம் முன்னோருக்குள் பெரிய தர்க்கம் நடந்திருக்கிறது. மீமாம்சை நூலார், வேதம் தானாகவே பிரமாணம், அதற்குப் பிறர் சாட்சி வேண்டாம் என்றார்கள். நியாய நூலாரோ, சொன்னவர் நம்பத்தக்கவராயிருப்பதினால்தான் சொல் பிரமாணமாகிறது என்றார்கள். நம்முடைய விசுவாசம் வேறானாலும், கேள்வி ஒன்றே. ஒரு நூல் தன்னைக் குறித்துத் தானே சொல்லுவது போதுமென்றால், அப்படிச் சொல்லுகிற எல்லா நூல்களையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டிவரும். நமக்கு ஒரு நியாயம், அயலானுக்கு ஒரு நியாயம் என்று வைப்பது நீதியாகாது.

திருச்சபையின் பழைய சரித்திரத்தில் இதற்கு நல்ல திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் முடிவில் அந்தியோக்கியாவில் செராப்பியோன் என்னும் மேற்றிராணியார் இருந்தார். ரோசு என்னும் ஊர்ச் சபையார் இராயப்பருடைய சுவிசேஷம் என்று பெயர் பெற்ற ஒரு நூலை வாசித்து வந்தார்கள். அதனால் சண்டை வந்தது. மேற்றிராணியார் நூலைப் பாராமலே, “இதுதான் சச்சரவு என்றால் வாசித்துக்கொள்ளுங்கள்” என்னும் கருத்தாய் உத்தரவு கொடுத்துவிட்டார். பின்பு சந்தேகம் தோன்றி, பிரதியை வாங்கி முழுவதும் வாசித்து, அதில் தப்பறை கலந்திருக்கக் கண்டு தடுத்தார். இதைச் சபைச் சரித்திரக்காரராகிய எவுசேபியு எழுதி வைத்திருக்கிறார். அந்த நூலின் ஒரு பகுதி 1886–87-இல் எகிப்து தேசத்தில் ஒரு கல்லறையிலிருந்து அகப்பட்டது. அதில் எழுதினவன், தானே சீமோன் இராயப்பன் என்று சொல்லிக்கொள்ளுகிறான்! பெரிய அப்போஸ்தலருடைய பெயரைத் தானே சூட்டிக்கொண்ட நூலைத் திருச்சபை தள்ளிவிட்டது.

அதற்கு எதிராக இன்னொன்றைப் பாருங்கள். அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசியுங்கள். எழுதினவர் தம் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. மக்கபேயர் இரண்டாம் ஆகமத்தை எழுதினவரோ, சீரேனே ஊரானாகிய யாசோன் எழுதின ஐந்து புத்தகங்களைத் தாம் சுருக்கி எழுதுவதாகவும், அது வியர்வை சிந்திக் கண்விழித்துச் செய்த வேலை என்றும் சொல்லி, கடைசியில் நன்றாய் வராதிருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கிறார். தேவ ஏவுதலினால் எழுதினேன் என்று அவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. ஆயினும் திருச்சபை அதைத் தேவ வாக்காக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே, நூல் தன்னைப்பற்றி என்ன சொல்லிக்கொள்ளுகிறது என்பதை மாத்திரம் வைத்துத் திருச்சபை ஒருபோதும் தீர்ப்புச் செய்யவில்லை.

இதற்கெல்லாம் மேலான முன்மாதிரிகை நமது ஆண்டவரே. அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்து வாசியுங்கள். யூதர்கள் அவரை எதிர்த்து நிற்கிறார்கள். அவர் என்ன செய்கிறார்? தம்மைக் குறித்துத் தாம் மாத்திரம் சாட்சி சொன்னால் அந்தச் சாட்சி செல்லாது என்று அவரே ஒத்துக்கொள்ளுகிறார். இரண்டு மூன்று சாட்சிகளின் வாயினாலேயே வழக்குத் தீர வேண்டும் என்பது உபாகமத்திலுள்ள மோயீசன் சட்டம். ஆண்டவர் அந்தச் சட்டத்துக்குத் தம்மைக் கீழ்ப்படுத்தி, சாட்சிகளை ஒவ்வொருவராய் அழைக்கிறார்: ஸ்நாபக அருளப்பர், தாம் செய்துவந்த கிரியைகள், தம்மை அனுப்பின பிதா, மோயீசன் எழுதின ஆகமம். சத்தியமே மனிதனாய் வந்தவர், என் வாய்ச்சொல்லே போதும் என்று மனிதரை அடக்கவில்லை. அவர் அடக்காதபோது, காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த நான் யார், ஒரு பையனை வசனத்தைக் காட்டி அடக்குவதற்கு?

அப்படியானால் வேதாகமத்துக்குச் சாட்சிகள் யார்? மூன்று வகைச் சாட்சிகளைச் சொல்லுகிறேன்.

முதற் சாட்சி சரித்திரம். சுவிசேஷங்களைத் தேவ வாக்கு என்று எடுத்துக்கொள்ளாமல், மற்றப் பழைய ஏடுகளைப்போல மேசைமேல் வைத்துப் பரிசோதிக்கலாம். அர்ச். லூக்காஸ் தம் முகவுரையில், கண்ணால் கண்டவர்களிடமிருந்து வந்த செய்திகளை ஆதிமுதல் விசாரித்து எழுதுவதாகச் சொல்லுகிறார். விசாரித்து எழுதினேன் என்கிறவர், நீங்களும் விசாரியுங்கள் என்று கதவைத் திறந்துவிடுகிறார். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் ஆண்டவர் சிலுவையில் மரித்துச் சுமார் 25 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. உயிர்த்த ஆண்டவரை ஒரே சமயத்தில் ஐந்நூறு பேருக்கு அதிகமானோர் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று அதில் எழுதுகிறார். அதாவது, வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்பது போலல்லவா?

வெளியாரும் சாட்சி சொல்லுகிறார்கள். தாசித்துஸ் என்னும் உரோமைச் சரித்திரக்காரர் ஏறக்குறைய 116-ஆம் ஆண்டில், திபேரியு இராயன் காலத்தில் போஞ்சு பிலாத்துவினால் கிறிஸ்து கொலைத் தீர்ப்பு அடைந்ததை எழுதியிருக்கிறார். அவர் நம் வேதத்தை வெறுத்தவர். நமக்காகப் பொய் சொல்லமாட்டார். 1961-இல் செசாரேயா நகரத்தின் பழைய நாடகசாலை இடிபாடுகளில் பிலாத்துவின் பெயர் வெட்டப்பட்ட கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் நகரத்து நூல்நிலையத்தில் உள்ளங்கை அகலங்கூட இல்லாத ஒரு நாணல்தாள் துண்டு இருக்கிறது. அது எகிப்தில் கிடைத்தது, 1935-இல் வெளியிடப்பட்டது, இரண்டாம் நூற்றாண்டினது என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்துச் சில வரிகள் அதிலுள்ளன. எந்த வரிகள் தெரியுமா? ஆண்டவர் பிலாத்துவின் முன்நின்று, சத்தியத்துக்குச் சாட்சி சொல்லவே தாம் வந்ததாகச் சொல்லும் இடம்!

இந்தச் சாட்சிக்குள்ள எல்லையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லும் தாளும் பிலாத்து இருந்ததையும், சுவிசேஷம் பழமையானதென்பதையும் காட்டும். சேசுநாதர் தேவசுதன் என்பதையோ, இந்தச் சுவிசேஷம் தேவ ஏவுதலினால் எழுதப்பட்டது என்பதையோ எந்தக் கல்லும் காட்டாது. மண்வெட்டியினால் தோண்டி எடுக்கக்கூடிய காரியம் அன்று அது.

இரண்டாம் சாட்சி திருச்சபை. வேதாகமத்தின் முதல் பக்கத்தில் ஆகமங்களின் அட்டவணை இருக்கிறதே, அதை எழுதினவர் யார்? எந்த அப்போஸ்தலரும் எழுதவில்லை. எந்த ஆகமத்துக்குள்ளும் அது இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 ஆகமங்களையும், கூட்டாமலும் குறைக்காமலும், நமக்குத் தெரிந்தமட்டில் முதன்முதல் வரிசைப்படுத்தி எழுதினவர் அலெக்சாந்திரியா மேற்றிராணியாராகிய அர்ச். அத்தனாசியார், 367-ஆம் ஆண்டுப் பாஸ்குத் திருநாள் நிருபத்தில் எழுதினார். ஆப்பிரிக்காவில் 393-இல் இப்போ நகரிலும், 397-இல் கர்த்தாகோ நகரிலும் கூடின சங்கங்கள் அட்டவணை ஏற்படுத்தின. 1546-இல் திரிதெந்து பொதுச்சங்கம் அதை விசுவாச சத்தியமாகத் தீர்மானித்தது. நாம் 73 ஆகமங்கள் என்கிறோம்; பிரிந்த சகோதரர்கள் 66 என்கிறார்கள். நூலே தன் எல்லையைக் காட்டக்கூடுமானால் இந்த வித்தியாசம் எப்படி வரும்? சுவிசேஷத்தைத் தாம் விசுவசித்ததற்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரமே தம்மைத் தூண்டிற்று என்று அர்ச். அகுஸ்தீன் சொன்னதும் இதனால்தான்.

இங்கே புத்தியுள்ள பையன் மறுபடியும் கையை உயர்த்துவான். “திருச்சபை வேதாகமத்துக்குச் சாட்சி, திருச்சபைக்குச் சாட்சி யார்? வேதாகமந்தானே? சாமி, மறுபடியும் செக்குமாடு சுற்றுகிறதே!” என்பான். நல்ல கேள்வி. நூல் ஒன்றுதான்; ஆனால் நாம் அதை இரண்டு விதமாய் வாசிக்கிறோம். முதலில் சரித்திர ஏடாக வாசிக்கிறோம். கிறிஸ்து என்பவர் இருந்தார், பன்னிருவரைத் தெரிந்துகொண்டார், அவர்களுக்கு அதிகாரம் கொடுத்து அனுப்பினார், மரித்தபின் அவரை உயிரோடு கண்டோம் என்று அவர்கள் உயிரைக் கொடுக்கும்வரை சொன்னார்கள் என்பவை அதில் தெரியவருகின்றன. அவர்கள் சொல்லை நம்பத்தக்கது என்று ஏற்றால், அவர்களால் உண்டான சபையின் சொல்லுக்கும் காது கொடுக்கிறோம். அந்தச் சபை நம் கையில் அதே நூலை இரண்டாந்தரம் கொடுத்து, “இது சர்வேசுரனுடைய வாக்கு” என்கிறது. செக்குமாடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். நாமோ படியேறுகிறவர்கள், இரண்டாந்தரம் அதே சன்னலுக்கு நேரே வந்தாலும், ஒரு மாடி உயரத்தில் நிற்கிறோம்.

திருச்சபை ஏற்றுக்கொண்டதினால்தான் அது தேவ வாக்காயிற்று என்றும் எண்ணிவிடாதீர்கள். 1870-இல் முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இதைத் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறது: இஸ்பிரீத்து சாந்துவின் ஏவுதலினால் எழுதப்பட்டு, சர்வேசுரனையே கர்த்தாவாகக் கொண்டிருப்பதினால் அவை பரிசுத்த நூல்கள், திருச்சபை அவற்றைப் பெற்றுக் காத்து வருகிறது. தட்டான் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறான். கல் பொன்னை உண்டாக்குவதில்லை. பொன் என்று காட்டுகிறது.

மூன்றாம் சாட்சியைச் சொல்லுமுன், வேதாகமம் தன்னைக் குறித்துச் சொல்லும் சொல்லுக்கு மதிப்பே இல்லையோ என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, ஆனால் அதற்குரிய இடத்தில் உண்டு. பரதேசத்தில் வேலை செய்யும் மகனுக்கு ஊரிலிருந்து கடிதம் வருகிறது. இது உன் தாய் எழுதினதுதான் என்று அவனுக்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வரி வாசித்ததும் அவனுக்குத் தாயின் குரல் கேட்கிறது. பக்கத்து அறைக்காரனுக்கோ அது வெறுங்காகிதம். மகனுக்கு ஏன் குரல் கேட்டது? அவன் அந்தத் தாயோடு வாழ்ந்தவன். அவ்விதமே விசுவாசத்திலும் ஜெபத்திலும் வாழ்கிறவன் ஆகமத்தைத் திறக்கும்போது பேசுகிறவரை அறிந்துகொள்ளுகிறான். அது மெய்யான அறிவு. ஆயினும் அதை அயலானுடைய முகத்தில் எறிந்து, உனக்கேன் கேட்கவில்லை என்று கோபிக்கக் கூடாது. நியாயங்கள் மனிதனை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே வருவதற்கு வரப்பிரசாதம் வேண்டும். அது சர்வேசுரனுடைய கொடை. அதட்டலினால் அது வராது.

இனி மூன்றாம் சாட்சி. அன்று நான் பையனுக்குக் காட்டின இடத்தையே, அவன் தாயார் அழுதுபோன இரவில் திறந்து வாசித்தேன். எத்தனையோ முறை பிரசங்கத்தில் சொன்ன இடம். வேதாகமம் முழுவதும் தேவ ஏவுதலினால் உண்டானது என்னும் வசனம் பதினாறாவது. அதற்கு இரண்டு வசனத்துக்கு முன்னே என்ன இருக்கிறது என்று நான் கவனித்ததேயில்லை. நீ கற்றதில் நிலைத்திரு, யாரிடம் கற்றாய் என்று உனக்குத் தெரியுமே என்னும் கருத்தாய் அப்போஸ்தலர் திமோத்தேயுவுக்கு எழுதுகிறார். யாரிடம் கற்றான்? அப்போஸ்தலரிடம் கற்றான்; அவருக்கு முன்னே வீட்டில் கற்றான். அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பெயர்கள் இருக்கின்றன: பாட்டி லோயிஸ், தாய் எவுனிக்கே. இவர்களுடைய விசுவாசம் உன்னிலும் இருக்கிறது என்கிறார். பார்த்தீர்களா! வேதாகமம் தானே தனக்குச் சாட்சி என்று நான் காட்டின அந்த இடமே, தன்னை விட்டு வெளியே கையை நீட்டி, ஒரு பாட்டியையும் ஒரு தாயையும் காட்டுகிறது.

பிரியமான பெற்றோரே, மூன்றாம் சாட்சி நீங்கள்தான். உங்கள் பிள்ளை வேதாகமத்தை நம்புவானா என்பது, அதை நம்புகிறோம் என்று சொல்லும் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதிலும் தொங்குகிறது. பாகப்பிரிவினையில் தம்பியை ஏமாற்றின தகப்பன் இரவு ஜெபத்தில் சுவிசேஷம் வாசித்தால், பிள்ளை எந்தச் சாட்சியை நம்புவான்? வேலைக்காரிக்குக் கூலியைக் குறைக்காமல், அயலாளின் வியாதியில் கஞ்சி கொண்டுபோகிற தாய் எழுத்து வாசனை அறியாதவளாயிருந்தாலும், அவளே அந்த வீட்டில் வாசிக்கப்படும் ஆகமம்.

ஆகவே இரண்டு காரியம் கேட்டுக்கொள்ளுகிறேன். பிள்ளை விசுவாசத்தைக் குறித்துக் கேள்வி கேட்டால், அதட்டாதேயுங்கள். பெரோயா ஊரார் அர்ச். சின்னப்பர் சொன்னது மெய்யோ என்று ஆகமங்களைத் தினமும் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் நடபடி அவர்களைப் புகழுகிறது. அர்ச். தோமையார் கண்டு தொட்டாலொழிய நம்பேன் என்றார். ஆண்டவர் கையை நீட்டிக் காயங்களைக் காட்டினார். அடுத்தது, மறுமொழி தெரியாவிட்டால், “தெரியவில்லை, சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி வெட்கப்பட்டவன் நான்.

கடைசியாக, தம்பி, உன் தாயார் இந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். உன்னை வாசிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். வாசித்தாயானால் இதை அறிந்துகொள்: அன்று உன் கேள்வி சரி, என் பதில் தவறு. இங்கே எழுதினதிலும் உனக்கு ஒத்துவராத இடம் இருக்கலாம். ஊருக்கு வரும் சனிக்கிழமை சாயந்தரம் சுவாமியார் வீட்டு வராந்தாவுக்கு வா. அங்கே கேட்கக் கூடாத கேள்வி ஒன்றுமில்லை. இந்த முறை காப்பி என்னுடையது.

சர்வேசுரன் உங்கள் எல்லாரையும், விசேஷமாய் உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

உங்கள் பங்கு சுவாமி